மேல்வீட்டுச் சத்தத்துக்கு என்ன செய்யலாம்? நாகர்கோவிலில் அடுக்குமாடி வீடு வாங்கியவன் எழுதும் வழிகாட்டி

விடியற்காலை 4.10 மணி. தலைக்கு நேர் மேலே கிரைண்டர் ஓடத் தொடங்கும். கட்டில் கால் வழியாக அந்த அதிர்வு முதுகுக்கு ஏறும். ஐந்தேகால் வரை ஓடி நிற்கும்போது எனக்குத் தூக்கம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். என் மனைவி நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்குபவள். அவளுக்கு அந்த நேரத்தில் வேறு சத்தங்கள்.

இதைத் தீர்க்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் நான் செய்த தப்புகளால் போனது. நம் மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் தனி வீட்டில் வளர்ந்தவர்கள். ஓட்டு வீட்டில் ராத்திரி மேலே ஏதாவது ஓடினால் மரநாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்போம். அடுக்குமாடியில் மேலே ஓடுவது மனிதர்கள், அவர்களிடம்தான் போய்ப் பேசவும் வேண்டும். புதிதாக வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. மேலே ஏறாதீர்கள். முதலில் சத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். ராத்திரி பதினொன்றரைக்கு 'டம், டம்' என்று ஒரு சத்தம். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் லுங்கியோடு மாடி ஏறிப் பெல் அடித்தேன்.

"என்னக்கா இது, மனுசன் தூங்காண்டாமா?"

"எங்க வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு தம்பி. நீங்க பெல் அடிச்சதுலதான் எழும்புனோம்."

அவர் சொன்னது உண்மை. அந்தச் சத்தம் அவர் வீட்டிலிருந்து வரவே இல்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஓடும்போது சுவரில் கிளாம்ப் கழன்ற பைப் ஆடி இடிக்கும். பிளம்பர் வந்து கிளாம்பை இறுக்கி, இடையில் ரப்பர் துண்டு வைத்தார். 450 ரூபாய், மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து போனது. ஆனால் அந்த அக்கா அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரைண்டர் விஷயத்தைப் பேச வேண்டிய நேரத்தில் பேச முடியாமல் போனதற்குக் காரணம் இந்த ஒரு ராத்திரிதான்.

கான்கிரீட் கட்டடத்தில் இடிக்கிற, உரசுகிற சத்தம் ஸ்லாப், பீம், தூண் வழியாகப் போகும். குறுக்கே இருக்கும் வீட்டு நாற்காலியும், இரண்டு மாடி மேலே விழுந்த உலக்கையும் உங்கள் தலைக்கு மேல் விழுந்த மாதிரியே கேட்கும். அதனால் முதல் வாரம் இதைச் செய்யுங்கள்: சத்தம் வரும்போது உங்கள் ஃபேனை நிறுத்துங்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் காதை வைத்துப் பாருங்கள். மோட்டார் அறைக்குப் போய் அந்த நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும், மேல்வீட்டுக்கு இடம் வலம் இருப்பவர்களிடமும் "உங்களுக்கும் கேக்குதா?" என்று கேளுங்கள். படிக்கட்டில் நின்று கேளுங்கள். பேச்சு, டிவி, பாட்டு காற்று வழியாக வருபவை, படிக்கட்டிலும் கேட்கும். நடை, நாற்காலி, கிரைண்டர் கட்டடம் வழியாக வருபவை, படிக்கட்டில் அவ்வளவாகக் கேட்காது, உங்கள் அறையில் மட்டும் அதிரும். இரண்டுக்கும் மருந்து வேறு.

2. நோட்டுப் போடுங்கள்

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப்புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறை, என்ன சத்தம், வீட்டில் யார் இருந்தார்கள். குறைந்தது இரண்டு வாரம் எழுதுங்கள். "எப்பப் பார்த்தாலும் சத்தம்" என்று நீங்கள் சொன்னால் எதிரில் இருப்பவர் "எப்ப?" என்று கேட்பார், நீங்கள் முழிப்பீர்கள். எழுதிப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது, தினமும் என்று நான் நினைத்த கிரைண்டர் வாரத்தில் ஐந்து நாள்தான் ஓடியது.

ஃபோனில் பதிவு செய்யுங்கள், ஆனால் மூன்று எச்சரிக்கை.

பதிவு உங்கள் வீட்டுக்குள்ளிருந்து மட்டும் இருக்கட்டும். மேல்வீட்டு ஜன்னலை, வாசலை, அங்குள்ள பெண்களை வீடியோ எடுத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அசல் ஃபைலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோனில் அழித்துவிடுவது நம் பழக்கம். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். அப்போது அசல் எங்கே என்று கேட்பார்கள்.

டெசிபல் அளக்கும் ஆப்பை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே அறையில் என் ஃபோன் 52 காட்டியது, மனைவியின் ஃபோன் 44 காட்டியது. நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

3. பகலில் போங்கள், கையில் ஏதாவது கொண்டு போங்கள்

ராத்திரி போகக் கூடாது. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது போகக் கூடாது. சாயங்காலம் நாலு, அஞ்சு மணி நல்ல நேரம். நான் இரண்டாவது தடவை ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு போனேன். மன்னிப்பும் கேட்டேன், மோட்டார் பைப் கதையைச் சொல்லி. அவர் சிரித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. அவருக்குக் கணவர் இல்லை. ஆப்ப மாவும் இட்லி மாவும் அரைத்து நான்கு கடைக்குக் கொடுக்கிறார். கிச்சன் சிறியது என்று இரண்டு கிரைண்டரையும் சின்னப் பெட்ரூமில், வெறும் டைல்ஸ் தரையில் வைத்திருந்தார். அதற்கு நேர் கீழே என் கட்டில்.

"ஆறு மணிக்குக் கடைக்காரரு வந்திருவாரு தம்பி. நாலுக்குப் போட்டாத்தான் முடியும்."

இதைக் கேட்ட பிறகு "நிறுத்துங்கள்" என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நீங்களும் போகும்போது ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள், அவரால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். "சத்தம் போடாதீங்க" என்பதை யாரும் செய்ய முடியாது. "இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டால் ஒரு பதில் வரும். முடிந்தால் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தன் கிரைண்டர் கீழே இப்படிக் கேட்கும் என்பது அந்த அக்காவுக்கு உண்மையிலேயே தெரியாது.

குழந்தைகள் ஓடுவது, அழுவது, பகலில் சாதாரணமாக நடப்பது ஆகியவற்றுக்குப் புகாரே வேண்டாம். எங்கே போனாலும் நிற்காது, உங்கள் பெயர்தான் கெடும்.

4. ரப்பரும் தும்பும்

சட்டத்துக்குப் போவதற்கு முன் கடைக்குப் போங்கள். பாதிச் சத்தம் இதிலேயே போய்விடும்.

நாற்காலி, டேபிள் கால்களுக்கு ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். காலின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள், லூசாக இருந்தால் ஒரு வாரத்தில் கழன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மேல்வீட்டு ஆறு நாற்காலிக்கும் ஒரு ஸ்டூலுக்கும் எனக்கு ஆனது 380 ரூபாய். 'அவங்க நாற்காலிக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?' என்று எனக்கும் தோன்றியது. வக்கீல் நோட்டீசுக்கு முதலில் கேட்ட தொகையை நினைத்துப் பார்த்தேன், ரப்பர் புஷ் வாங்கினேன்.

கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், வாஷிங் மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட், அதன் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் மெஷின். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருக்கிறோம், ரப்பர் ஷீட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நடை சத்தத்துக்குத் தும்பு (தேங்காய் நார்) மிதியடியும் தடித்த கயிற்றுப் பாயும் போதும். அதிகம் நடக்கும் இடத்தில் மட்டும் விரித்தால் போதும், வீடு முழுக்க வேண்டாம்.

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, முட்டை அட்டை மாதிரி இருக்கும் ஃபோம் ஷீட். உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், மேலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. நான் 2,200 ரூபாய்க்கு வாங்கி ஒட்டினேன். இப்போது தூசி பிடிக்கிறது. இரண்டாவது, ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் நடையும் கிரைண்டரும் சுவர் வழியாகவும் இறங்கும், வெறும் சீலிங்கால் அது நிற்காது. அதிர்வு தாங்கும் ஹேங்கரும் உள்ளே கிளாஸ் வூலும் போட்டுச் செய்தால்தான் ஓரளவு பலன், செலவும் அதற்கேற்ப ஏறும். சத்தம் பிறக்கிற இடத்தில் போடும் ஒரு ரூபாய், கேட்கிற இடத்தில் போடும் பத்து ரூபாய்க்குச் சமம்.

ரப்பர் ஷீட் போட்டதும் என் கட்டில் அதிர்வது நின்றது. உறுமல் நிற்கவில்லை. கிரைண்டரைப் பின்பக்கம் ஒர்க் ஏரியாவுக்கு மாற்றினால்தான் தீரும். அங்கே பவர் பிளக் பாயிண்ட் இல்லை. அவர் வாடகைக்கு இருப்பவர். உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

5. உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

நம் ஊரில் மேல்வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் கல்ஃபில் இருப்பார். வாடகை வாங்குவது மச்சானோ தம்பியோ. எனக்கு மார்த்தாண்டத்தில் இருக்கும் தம்பி மட்டுமே கிடைத்தார். "பாத்துச் சொல்லுறேன் சாரே" என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உரிமையாளர் பெயர் தெரியாவிட்டால் ஒரு வழி: உங்கள் கிரயப் பத்திரத்தில் உள்ள சர்வே எண்தான் கட்டடம் முழுமைக்கும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். பிளாட்டுகள் யார் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று வரிசையாக வரும். நீங்கள் வாடகைக்காரர் என்றால் உங்கள் வீட்டு உரிமையாளரைப் பேசச் சொல்லுங்கள். எழுத்து வேலையும் அவர் பெயரில் போவது நல்லது.

வாயால் சொன்னது போதும் என்று தோன்றியதும் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம். என்ன சத்தம், எந்த நேரம், நோட்டின் நகல், நீங்கள் கேட்கும் ஒரே தீர்வு, 15 நாள் அவகாசம். மிரட்டல் வேண்டாம். பதிவுத் தபால் என்று கேட்டுக் குழம்பாதீர்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட் என்று கேளுங்கள். ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான ஆன்லைன் பக்கத்தின் பிரிண்டையும் பத்திரமாக வையுங்கள். செலவு நூறு ரூபாய்க்குள்.

உரிமையாளருக்கு அக்கறை வருவதற்கு ஒரு காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், நோட்டீஸ் கொடுத்தும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தாத வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்ல வழி இருக்கிறது. நான் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. மாவு அரைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவரைத் தெருவில் நிறுத்துவது எனக்கு வேண்டியதில்லை. உங்கள் மேல்வீட்டுக்காரர் வேறு மாதிரி ஆள் என்றால் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

6. அசோசியேஷன்

பெரிய கட்டடங்களில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, சங்கமும் துணைவிதிகளும் அதன் கீழ் வருகின்றன. துணைவிதியின் நகலை வாங்கி அமைதி நேரம், ரிப்பேர் வேலை நேரம், வீட்டில் தொழில் செய்வது பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். டைல்ஸ் வெட்டுவது, டிரில் போடுவது போன்ற தொல்லைகளுக்கு இதுதான் சரியான இடம்.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. சங்கம் என்றால் மெயின்டனன்ஸ் பணம் வாங்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். "நான் ரெண்டு பேருக்கும் வேண்டியவன், என்னய விட்டிருங்க" என்றார். அத்துடன் அந்தப் படி முடிந்தது.

ஒன்று மட்டும்: கட்டட வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லி எழுதாதீர்கள். குச்சியால் மேலே இடிப்பது, தண்ணீர் வால்வை அடைப்பது, பழிக்குப் பழி ஸ்பீக்கர் வைப்பது எதுவும் வேண்டாம். உங்கள் நோட்டின் மதிப்பு அந்த நிமிடமே போய்விடும்.

7. போலீஸ்: எந்தச் சத்தத்துக்கு, எதற்கு இல்லை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினாலும், இரவுத் தடைகளை மீறினாலும் புகார் கொடுக்கலாம். குடியிருப்பில் இரவில் கட்டுமான மெஷின் ஓட்டுவதும் தடைதான். பகல் தூக்கக்காரர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் விதியில் இல்லை. என் மனைவி இதைப் படித்துவிட்டுக் காதடைப்பான் வாங்கிக்கொண்டாள், மெடிக்கலில் கிடைக்கும்.

ராத்திரி பாட்டு, ஸ்பீக்கர், மொட்டை மாடிக் கூத்து என்றால் யோசிக்காமல் 100 அல்லது 112. மூன்றாம் மாடிப் பையன்களின் ஹோம் தியேட்டர் ஒரே அழைப்பில் அடங்கியது. ரோந்து வண்டி வந்து சொல்லிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

கிரைண்டருக்குப் போனது என் தப்பு. முதலில் தவறான ஸ்டேஷனுக்குப் போனேன். நாகர்கோவிலுக்குள்ளேயே கோட்டாறு, வடசேரி, நேசமணிநகர், ஆசாரிபள்ளம் என்று இருக்கின்றன, உங்கள் தெரு எதில் வருகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சரியான இடத்தில் அதிகாரி என் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மாவாட்டுறதுக்குக் கேஸ் போடச் சொல்லுதீங்களா சார்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பொதுத் தொல்லைக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 292ஆம் பிரிவில் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூடிய வகைக் குற்றமும் அல்ல. ஒரு வீட்டுச் சத்தம் கீழ்வீட்டை மட்டும் பாதித்தால் அது 'பொது' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்காது. அதிகபட்சம் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அது உதவும்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு போடலாம். அந்த மனு சுற்றி வந்து சேருமிடம் பெரும்பாலும் அதே ஸ்டேஷன்தான்.

காலம் பற்றி ஒரு வார்த்தை: நவம்பர் கடைசியில் தொடங்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, பின்னாலேயே கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். அந்த இரண்டு மாதம் ஊர் முழுக்கச் சத்தம், உங்கள் புகாரை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

8. சட்டப் பணிகள் ஆணைக்குழு

இதைப் பற்றி முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விவரம் கேட்க 15100.

கொண்டு போக வேண்டியவை: கையால் எழுதியதோ டைப் செய்ததோ ஒரு மனு, ஆதார் நகல், வீட்டுவரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்த நகல், சத்த நோட்டின் நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது, இருந்தால் சி.எஸ்.ஆர். எதிர்த்தரப்பின் முழு முகவரி முக்கியம். கல்ஃப் முகவரி வேலைக்கு ஆகாது, இங்கே அவருக்காக வாடகை வாங்குபவரையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் கூடுதலாக எடுங்கள்.

ஆணைக்குழுவிலிருந்து நோட்டீஸ் போனதும் மார்த்தாண்டத்துத் தம்பி தானாகவே ஃபோன் செய்தார். முதல் அமர்வுக்கு வரவில்லை. இரண்டாவதுக்கு வந்தார், அந்த அக்காவும் வந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். பிளக் பாயிண்ட் செலவை உரிமையாளர் ஏற்பது, கிரைண்டர் ஒர்க் ஏரியாவுக்குப் போவது, காலை ஐந்துக்கு முன் ஓடாது, அதற்காகப் பாதி மாவை முந்தின நாள் சாயங்காலமே அரைப்பது. கையெழுத்துப் போட்டோம். ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இப்படி முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன் நேரமும் இடமும் துல்லியமாக எழுதியிருக்கிறதா என்று இரண்டு தடவை படியுங்கள். முதல் வரைவில் 'அதிகாலையில் ஓட்டக் கூடாது' என்று மட்டும்தான் இருந்தது, 'ஐந்து மணிக்கு முன்' என்று நான் கேட்டு மாற்றினேன். மனுவிலிருந்து கையெழுத்து வரை ஏழு வாரம் ஆனது.

9. கோர்ட், அல்லது வீடு மாறுவது

சமரசம் முறிந்தால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை (சத்தத்தை நிறுத்தச் சொல்லும் கோர்ட் உத்தரவு) கேட்டு வழக்கு, அதோடு இடைக்காலத் தடைக்கு ஒரு மனு. வருடக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள். வக்கீல் நோட்டீசுக்கு மட்டும் என்னிடம் கேட்டது 2,500 ரூபாய், வழக்குக்கு வேறு கணக்கு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் கிடைக்கும். வீடு மனைவி பெயரில் இருந்தால் மனுவை அவர் பெயரில் போடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் என்றால் இந்தப் படிக்கு வராமல் வேறு வீடு பார்ப்பதே மலிவு. பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா வீடும் அமைதிதான். ராத்திரி எட்டரைக்குப் போங்கள். பெட்ரூமில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அதற்கு நேர் மேலே எந்த அறை, அதில் யார், என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேல்மாடியே வேண்டும் என்பவர்கள் வெயிலோடு தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும், மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஆனி ஆடி மழையில் அந்தத் தகரத்துக்கு முன்னால் கிரைண்டர் ஒன்றுமே இல்லை.